குமரிக்கடல் ஏறிய உயரம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. ஒரு மனித வாழ்நாளுக்குள் பார்த்தால் இந்த எல்லை, அலை சற்றே அரித்தும் சற்றே சேர்த்தும் போகும் நிலையான கோடாகத் தோன்றும்; புவியின் காலக்கணக்கிலோ அது ஓரிடத்தில் நின்றதே இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிமுனையின் கரையும் அன்று தெற்கே பல பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தது. அதற்கும் வெகுமுன்னே, சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் நிலவிய வெப்பக்காலத்தில், கடல் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயர்ந்து நின்றது. எழுத்தும் கல்வெட்டும் எட்டாத அந்தக் காலங்களைப் பற்றி இத்தனை துணிவோடு பேச முடிவதற்குப் பவளப்பாறைகள் ஒரு காரணம். மணலோடு மணலாகக் கலந்து கிடக்கும் ஓரணு உயிர்களின் ஓடுகள் மற்றொரு காரணம்.

அந்த உயிர்களுக்கு ஃபொராமினிஃபெரா என்று பெயர். பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் தோர்பீன்யி 1826-இல் இவற்றை வகைப்படுத்தியபோது, அறை அறையாகச் சுருண்டு வளரும் ஓட்டின் அமைப்பைக் கண்டு, கணவாய் இனத்தைச் சேர்ந்த மிகச்சிறு விலங்குகள் என்றே கருதினார். உள்ளே இருப்பது ஒரே ஓர் உயிரணுதான் என்பதை 1835-இல் ஃபெலிக்ஸ் துஜார்தேன் எடுத்துக்காட்டினார். அந்த ஒற்றை உயிரணு கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்து ஓடு கட்டிக்கொள்கிறது. சில இனங்கள் சுண்ணாம்பை நாடாமல், சுற்றியுள்ள நுண்மணலைப் பொறுக்கி ஒட்டி ஓடு செய்கின்றன. பெரும்பாலானவை கசகசா விதையைவிடச் சிறியவை. உயிர் போனபின் ஓடு கடல்தரையில் படிந்து, மேலே விழும் சேற்றால் மூடப்பட்டு, வேதிச்சூழல் கெடாதவரை கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கிறது. ஒரு தேக்கரண்டி கடற்சேற்றில் நூற்றுக்கணக்கான ஓடுகள் கிடைக்கக்கூடும் என்பதால், ஓர் எலும்பையோ ஒரு பல்லையோ நம்பி முடிவுக்கு வரவேண்டிய நெருக்கடி இத்துறையில் இல்லை. நுண்புதைபடிவ ஆய்வின் வலிமை இந்த எண்ணிக்கையிலிருந்தே வருகிறது.

இவை கடல்மட்டத்தைக் காட்டும் விதம் எளிய ஓர் உண்மையைச் சார்ந்தது: ஒவ்வோர் இனத்துக்கும் தனக்கென்று ஓர் ஆழமும், உப்பின் அளவும், ஒளியும் வேண்டியிருக்கின்றன. அம்மோனியா என்னும் பேரினம் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் காயல்களில், உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாக்குப்பிடித்து வாழ்கிறது. ஆம்ஃபிஸ்டெஜினா தன் உடலுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து அவை சமைக்கும் உணவில் பங்கு பெறுவதால், வெயில் எட்டும் தெளிந்த கடலை விட்டு இறங்குவதில்லை. குளோபிஜெரினாய்டஸ் போன்றவை தரையைத் தொடாமல் கடலின் மேற்பரப்பில் மிதந்தே வாழ்ந்து மடிகின்றன. கரையை விட்டு ஆழத்துக்குப் போகப் போகத் தரைவாழ் இனங்களுக்கு எதிராக இந்த மிதவை இனங்களின் விகிதம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே கடல்தரையில் குழாயை இறக்கி எடுத்த சேற்றுத்தூணை அங்குலம் அங்குலமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியின் அடியில் மெல்லிய தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, மாதிரிக்கு முந்நூறு வீதம் எண்ணி முடிக்கும் ஆய்வாளருக்கு, அந்த இடத்தில் நின்ற நீரின் ஆழம் காலந்தோறும் எப்படி மாறிவந்தது என்பது தெரிந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இந்தப் பொறுமையான வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்திருக்கின்றன.

இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் ஓடு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இந்திய மேற்குக் கண்டத்திட்டின் வெளிவிளிம்பில், அதாவது நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்குள் சரிந்து செல்லும் மேடையின் கடைக்கோடியில், ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் மட்டுமே உருவாகும் சுண்ணாம்பு மணலும், பழுப்பேறித் தேய்ந்த ஆழங்குறை இனங்களின் ஓடுகளும் பரவிக் கிடக்கின்றன. இன்று அவற்றுக்கு மேல் நிற்கும் நீர் எண்பது முதல் நூறு மீட்டருக்கும் மேல்; அவை வாழ்ந்த காலத்தில் அங்கே கடற்கரை அருகில் இருந்திருக்க வேண்டும். மேலே புதிய வண்டல் வந்து மூடாததால் அந்தப் பழைய கரை இன்னும் வெளித்தெரிகிறது. குமரிமுனைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வெட்ஜ் பாங்க், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புள்ள ஆழங்குறைந்த கடல்மேடை, இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம். 1976-இல் இலங்கையோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தால் இந்தியாவின் இறையுரிமைக்கு உட்பட்டதாக உறுதியான இந்த மேடையின் பார்களில்தான் (கடலடிப் பாறைத்திட்டுகளில்தான்), கரையில் தெரியும் மலைமுகடுகளை அடையாளம் வைத்து இடம் குறித்து, குமரி மாவட்ட மீனவர்கள் தலைமுறைகளாகத் தூண்டில் இறக்கிவந்திருக்கிறார்கள். கடல் 120 மீட்டர் இறங்கியிருந்த நாளில் இம்மேடையின் பெரும்பகுதி வெயில் காய்ந்த நிலம்.

ஆழத்தைச் சொல்வதோடு இந்த ஓடுகளின் பயன் முடிந்துவிடுவதில்லை. அவற்றின் சுண்ணாம்பில் பிணைந்திருக்கும் ஆக்சிஜனில் முக்கியமாக இரண்டு எடைகள் உண்டு: பெரும்பான்மை 16, ஐந்நூற்றில் ஒன்று என்ற அளவில் 18. நீர் ஆவியாகும்போது இலேசான 16 முந்திக்கொள்கிறது. பனியுகத்தில் அந்த ஆவி துருவங்களை ஒட்டிய நிலங்களில் பனியாக இறுகிக் கடலுக்குத் திரும்பாமல் தங்கிவிடுவதால், கடலில் கனமான 18-இன் பங்கு கூடுகிறது. அந்த நீரில் வாழ்ந்து ஓடு கட்டிய உயிரும் அந்த விகிதத்தை, நீரின் வெப்பத்துக்கேற்பச் சற்றே மாற்றி, தன் ஓட்டில் ஏற்றிக்கொள்கிறது. 1947-இல் ஹெரால்ட் யூரி இந்த விகிதத்தைப் பழங்கால வெப்பமானியாகக் கொள்ளலாம் என்றார். 1955-இல் செசாரே எமிலியானி ஆழ்கடல் சேற்றுத்தூண்களில் அதை அளந்து பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தை வரைந்தார். அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு நீரின் வெப்பத்தால் வந்ததன்று, நிலத்தில் தங்கிய பனியின் அளவால் வந்தது என்று நிக்கோலஸ் ஷேக்கிள்டன் 1967-இல் வாதிட்டபிறகு, ஒவ்வோர் ஓடும் உலகக் கடலின் மட்டத்தைக் காட்டும் சான்றாயிற்று. கடலில் எங்கோ மிதந்து மடிந்த ஓர் ஓரணு உயிரின் கூட்டில் வடதுருவப் பனியின் கனம் பதிந்திருக்கிறது என்பதை முதன்முறை உணரும் எவருக்கும் ஏற்படும் வியப்பு, இத்துறையில் ஆயுள் கழித்தவர்களிடமும் குறைவதில்லை.

குமரியில் கடல்மட்டத்தைப் பற்றி எழுதும் எவரும், தெற்கே கடல் கொண்டதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தைத் தொடாமல் கடக்க இயலாது. கடந்துபோவது நேர்மையும் ஆகாது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. இறையனார் களவியல் உரை தமிழ்ச் சங்கங்களின் வரலாற்றோடு கடல்கோளை இணைக்கிறது. அடியார்க்குநல்லார் இழந்த நிலத்தின் பரப்பை எழுநூறு காவதம் என்றும் அதிலிருந்த நாடுகள் நாற்பத்தொன்பது என்றும் விரித்துரைக்கிறார். பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் ஒற்றுமையை விளக்கக் கற்பித்த லெமூரியா என்னும் கண்டம் பின்னாளில் இந்த மரபோடு கலந்தது. கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற உண்மை நிலைபெற்றதும் அறிவியலில் அந்தக் கற்பிதத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. இங்கே நுண்ணோடுகள் சொல்வதை, கண்டம் இருந்தது என்போரும் இல்லை என்போரும் கேட்க வேண்டும். கண்டத்திட்டைத் தாண்டியதும் கடல்தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆழ்கடலின் அந்தத் தரையில் மிதவை இனங்களின் ஓடுகள் பன்னெடுங்காலமாக உதிர்ந்து படிந்த சேறு இருக்கிறது. 120 மீட்டர் இறங்கிய கடல் அந்த ஆழத்தை நிலமாக்கியிருக்க வழியில்லை. அதே வேளையில், குமரிக்குத் தெற்கே நிலம் இருந்தது என்பதும், அதைக் கடல் எடுத்துக்கொண்டது என்பதும், அப்போது தென்னிந்தியாவில் மனிதர் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. 60 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு திட்டு 12,000 ஆண்டுகளில் மூழ்கியது என்று கொண்டால், கரை ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து மீட்டர் பின்வாங்கியிருக்கிறது. சராசரி எப்போதும் உண்மையை மழுக்கிக் காட்டும்; சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் பனித்தகடுகள் விரைந்து உருகிய ஒரு காலத்தில், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் குறைவான இடைவெளியில் உலகக் கடல் 15 மீட்டர் அளவுக்கு எழுந்தது. அந்தத் தலைமுறைகள் தாத்தா காட்டிய கரையைப் பேரன் காணாத தலைமுறைகள். அந்த நினைவு வாய்மொழியாகப் பத்தாயிரம் ஆண்டு கடந்து இலக்கியத்தில் இறங்கியது என்று சொல்ல எந்த ஓடும் சான்றாகாது. பிற்காலத்துச் சுனாமி ஒன்றும், பூம்புகார்க் கரையின் அரிப்பும்கூட அந்த மரபுக்கு வித்திட்டிருக்கலாம். கண்டம் இருந்ததா என்ற கேள்வியை விட்டு, எவ்வளவு நிலம், எப்போது, எந்த வேகத்தில் போயிற்று என்ற கேள்விக்கு வருவதுதான் அந்தப் புலவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பெரிய அளவுகளில் இவ்வாறு தெளிவு கிடைத்தாலும், கடைசி ஏழாயிரம் ஆண்டுகளில் கடல் ஒன்றிரண்டு மீட்டர் ஏறி இறங்கிய வரலாற்றை ஆழ்கடல் ஓடுகளால் சொல்ல முடியாது. அதற்குக் கரையோரச் சேறு வேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உவர்ச்சதுப்புகளை ஆராய்ந்த ஸ்காட்டும் மெடியோலியும், அங்கு வாழும் ஃபொராமினிஃபெரா இனங்கள் ஓதம் ஏறும் உயரத்தை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுத் தட்டாகப் பிரிந்து குடியிருப்பதை 1978-இல் வெளியிட்டார்கள். ஓதநீர் எப்போதாவது மட்டுமே எட்டிப்பார்க்கும் மேல்விளிம்பில் ஒன்றிரண்டு இனங்கள். நாள்தோறும் நனையும் கீழ்ப்பகுதியில் வேறு இனங்கள். இந்தத் தட்டுகளின் உயரத்தை இன்று அளந்து வைத்துக்கொண்டால், அதே இனக்கூட்டம் ஆழத்தில் கிடைக்கும்போது அன்றைய கடல்மட்டத்தைச் சில பத்து சென்டிமீட்டருக்குள், நல்வாய்ப்பான இடங்களில் அதைவிடவும் நுட்பமாக, சொல்லிவிடலாம். வெப்பமண்டலத்தில் அந்த வேலையைச் செய்வது கண்டல் காடுகளின் சேறு. இலைகள் மக்கி அமிலம் ஊறும் அந்தச் சேற்றில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகின்றன. மணல் ஒட்டிக் கட்டிய ட்ரோகாம்மினா, மிலியாம்மினா போன்றவற்றின் ஓடுகளே எஞ்சுகின்றன. எந்த இனம் கிடைக்கவில்லை என்பதையும் ஆய்வாளர் எடைபோட வேண்டியிருக்கிறது.

பழையாறு நாஞ்சில் வயல்களை நனைத்து, சுசீந்திரம் வழியே வந்து, மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே கடலில் சேரும் மணக்குடிக் காயல், கண்டல் செடிகளும் உப்பளங்களும் சூழ்ந்தது. இத்தகைய ஆய்வுக்கு அதற்கு ஓர் அரிய தகுதி உண்டு. இனங்கள் அடுக்கப்படும் உயரம் ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குவது. ஓதம் எட்டு மீட்டர் ஏறி இறங்கும் காம்பே வளைகுடாவில் அந்த அடுக்குகள் அகன்று, கணக்கில் பிழை பெருகும். குமரிக் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அடுக்குகள் நெருங்கியிருப்பதால், கண்டறியப்படும் மட்டத்தில் ஐயத்துக்கு இடமும் குறைவு. இந்தத் தகுதியைக் குலைக்கும் சிக்கலையும் அதே காயல் வைத்திருக்கிறது. ஆற்றில் நீர் வற்றும் கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து, காயல் கடலோடு சேரும் வாயான பொழிமுகத்தை அடைத்துவிடுகிறது. மழைக்காலத்து வெள்ளம் வந்ததும் அது தானே உடைகிறது, அல்லது மணலை வெட்டித் திறந்துவிடுகிறார்கள். பொழி அடைபட்டிருக்கும் மாதங்களில் உள்ளே உப்பும் ஓதமும் மாறிப்போகின்றன. உயிரினங்களும் அதற்கேற்ப மாறுகின்றன. சேற்றுத்தூணின் ஓர் அடுக்கில் நன்னீரைத் தாங்கும் இனங்கள் பெருகியிருப்பதைக் கண்டவுடன் கடல் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். கடல் அதே மட்டத்தில் நிற்க, பொழி மட்டும் சில பத்தாண்டுகள் மூடிக்கிடந்திருக்கக் கூடும். ஆதலால் ஒரே துளையில் எடுத்த சேற்றை வைத்துச் சொல்லப்படும் எந்த முடிவையும் நம்பாமல், காயலின் வாயிலும் நடுவிலும் தலைப்பிலும் தனித்தனியே எடுத்த தூண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. பொழியின் போக்கைப் பிறந்தது முதல் பார்த்துவரும் மணக்குடி மக்களின் அறிவு இந்த இடத்தில் ஆய்வகத்துக்குத் தேவைப்படுகிறது.

அதே மணக்குடி 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நொறுங்கியது. இரு கரைகளையும் இணைத்த பாலத்தை அலை பெயர்த்தெறிந்தது. தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிரிழப்பைச் சந்தித்தது குமரி மாவட்டமே. அந்த அலை தமிழகக் கரையெங்கும் விட்டுச்சென்ற மணலை ஆராய்ந்தவர்கள், கரையோரத்தில் வாழாத, ஆழத்துக்குரிய ஃபொராமினிஃபெரா ஓடுகள் அதில் கலந்திருப்பதைக் கண்டார்கள். கடல் மெல்ல ஏறியதையும் ஒரே நாளில் பாய்ந்ததையும் வேறுபடுத்தும் அடையாளம் இவ்வாறு கிடைக்கிறது. இத்தகைய ஓடுகள் தொல்லியல் வழக்கொன்றிலும் சாட்சி சொல்லியிருக்கின்றன: குஜராத்தின் லோத்தலில் ஹரப்பர் கட்டிய பெரிய செவ்வகத் தொட்டி கப்பல்துறையா பாசனக்குளமா என்ற விவாதத்தில், அதன் வண்டலில் கடல்வாழ் ஃபொராமினிஃபெரா இருப்பதை ராஜீவ் நிகம் 1988-இல் காட்டியபோது, கடல்நீர் அதற்குள் வந்துபோனது என்ற தரப்பு வலுப்பெற்றது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியின் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளுக்கு, 1956-இல் சாய்னரும் ஆல்சினும் பழைய கடல்மட்டத்தோடு பொருத்திக் காலம் கணித்ததையும் இங்கே நினைக்கலாம்; முட்டத்துத் தேரியும் அதே வகைச் செம்மணல்தான்.

கடல்மட்டம் என்பது உலகெங்கும் ஒன்றாக ஏறி இறங்கும் ஒன்று என்ற தவறான எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பனி உருகி முடிந்தபின், அதன் சுமை நீங்கிய நிலங்கள் எழ, புதிய நீரின் சுமையால் கடல்தரை அமிழ, கடல் தன்னை மறுபடி பகிர்ந்துகொண்டது. இதனால் பழைய பனித்தகடுகளுக்குத் தொலைவான இந்தியா போன்ற நிலங்களில் கடல் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைவிடச் சற்று உயர்ந்து நின்று பின் இறங்கியது. இராமேசுவரம் பகுதியில் இன்று நீருக்கு மேல் வெளித்தெரியும் பவளப்பாறையின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டு என்று ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் வெளியிட்ட கதிரியக்கக் கரிமக் கணிப்பு இதனோடு ஒத்துப்போகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலின் பரப்பு, புவியீர்ப்புக் குறைவால், கணித அளவில் எதிர்பார்க்கப்படுவதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான இத்தகைய பள்ளம் அதுதான். ஆகவே ஓரிடத்துக் கடலின் வரலாற்றை அந்த இடத்துச் சேற்றிலேயே படித்தாக வேண்டும், வேறொரு நாட்டு வளைகோட்டைக் கொண்டுவந்து ஒட்டிவிட முடியாது.

இந்த வேலைக்கு இன்று ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்கும் 2018-க்கும் இடையே ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகம் கூடியது. அமெரிக்காவின் வட கரோலினா உவர்ச்சதுப்பு ஃபொராமினிஃபெராவை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு, கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த அளவு வேகமான ஏற்றம் அங்கு நிகழ்ந்ததில்லை என்று காட்டியது. குமரிக் கரையில் ஊருக்கு ஊர் கருங்கல் சுவர் எழுப்பப்படுகிறது. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) கட்டப்பட்ட இடத்துக்கு அடுத்த ஊரில் அரிப்பு கூடுகிறது என்ற குறை ஓயாமல் கேட்கிறது. எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை ஆண்டுக்குக் கட்டுவது என்பதை முடிவுசெய்ய, இந்தக் கரையில் கடல் இயல்பாக எவ்வளவு ஏறி இறங்கியது என்ற அடிக்கணக்கு வேண்டாமா? அந்தக் கணக்கைத் தரக்கூடிய சேறு உப்பளத்துக்காகவும் மீன்பண்ணைக்காகவும் வீட்டுமனைக்காகவும் கிளறப்படும் சேறுதான். ஒருமுறை புரட்டிய அடுக்கை எந்த ஆய்வகமும் மீண்டும் அடுக்கிவைக்க முடியாது.

2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கும் மணக்குடிப் பொழிக்கும் இடையே பழையாற்றின் ஓரமாக ஐந்தாறு இடங்களில் ஆழத் துளையிடுவது பெரும் செலவு பிடிக்கும் வேலையன்று. அங்கே கடல் ஒருகாலத்தில் உள்நுழைந்து நின்றிருந்தால், அடியில் கடல்வாழ் சுண்ணாம்பு ஓடுகளும், அதன்மேல் காயலின் அம்மோனியாவும், அதற்கும் மேல் கண்டல் சேற்றின் மணலோட்டு இனங்களும், உச்சியில் பெரும்பாலும் நன்னீரில் வாழும் ஓட்டு அமீபாக்களும் வரிசையாகக் கிடைக்கும். அந்த வரிசை எந்த ஊரில் நிற்கிறதோ அதுவே கடல் எட்டிய எல்லை. ஒவ்வோர் எல்லைக்கோட்டிலிருந்தும் கரிமம் எடுத்துக் காலம் கணித்து, கடல்நீரின் கரிமம் இயல்பாகவே சில நூறு ஆண்டு பழையது என்பதைக் கழித்து, துளையிட்ட இடத்தின் உயரத்தை நில அளவைத் துறையின் மட்டக்குறியோடு இணைத்துவிட்டால், நாஞ்சில் நாட்டின் வயல்கள் எத்தனை நூற்றாண்டு கடலாக இருந்தன, எப்போது வயலாகத் தொடங்கின என்று ஆண்டும் சென்டிமீட்டரும் போட்டுச் சொல்லலாம்.